நேர்முகத் தேர்வுக்குச் செய்த 28 ஸ்லைடு யாருக்குச் சொந்தம்?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

கொருக்குப்பேட்டையில் வசிக்கும் 27 வயது வாசகி எழுதியிருக்கிறார். பி.காம். முடித்துவிட்டு நான்கு வருடமாகப் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் (துறைமுகச் சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுப்பவர்) அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். மாதச் சம்பளம் 32,000 ரூபாய். வீட்டில் நிலையான வருமானம் இவருடையது மட்டும்தான்.

பெருங்குடியில் உள்ள ஒரு லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்தில் ஆபரேஷன்ஸ் அனலிஸ்ட் வேலைக்கு விண்ணப்பித்தார். இருபது நிமிட போன் ரவுண்டு முடிந்ததும் கேஸ் ஸ்டடி, அதாவது ஒரு தொழில் சிக்கலைக் கொடுத்துத் தீர்வு கேட்கும் வீட்டுத் தேர்வு, வந்தது. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம் இரண்டிலிருந்தும் மணலி, மாதவரம் கிடங்குகளுக்குக் கன்டெய்னர் கொண்டுபோகும் செலவை எப்படிக் குறைப்பது என்பது கேள்வி. எக்ஸெல் கணக்கு, ஸ்லைடு, இருபது டிரெய்லர்காரர்களின் பெயர், போன் நம்பர், ரேட் எல்லாம் 72 மணி நேரத்துக்குள் வேண்டும் என்றார்கள். இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்து, அண்ணனின் லேப்டாப்பில் 24 மணி நேரம் உழைத்து 28 ஸ்லைடு அனுப்பினார். "நன்றாக இருக்கிறது, எங்கள் கிளையன்ட் ஃபார்மேட்டில் மாற்றிக் கொடுங்கள்" என்று பதில் வந்தது. அதற்கு இன்னொரு ஏழு மணி நேரம். பிறகு பெருங்குடிக்கு இரண்டு முறை நேரில் போய் வந்தார். அதோடு சத்தமே இல்லை.

ஏழு வாரம் கழித்து அந்த நிறுவனத்தின் லிங்க்ட்இன் பக்கத்தில் ஒரு படம் வந்தது. இவர் போட்ட அட்டவணை, அதே வரிசை. ஆங்கிலத்தில் கொருக்குப்பேட்டை என்று எழுதும்போது இவர் விட்ட எழுத்துப் பிழைகூட அப்படியே இருந்தது. படத்தில் ரேட் எதுவும் இல்லை. இப்போது கிண்டியில் உள்ள வேறொரு நிறுவனமும் ஒரு அசைன்மென்ட் கொடுத்திருக்கிறது. திங்கள் காலை 10 மணி கெடு.

அவர் கேட்பது: செய்த வேலைக்குக் கூலி கேட்டு லேபர் ஆபீஸுக்குப் போகலாமா? ஐடியாவைத் திருடியதற்குக் கேஸ் போடலாமா? அண்ணன் சொல்வதுபோலப் பெயரைப் போட்டு லிங்க்ட்இன்னில் எழுதிவிடலாமா? கிண்டிக்காரர்களிடம் "முடியாது" என்று சொல்லிவிடலாமா?

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஐந்தாவது ஒன்று உங்கள் கடிதத்தின் நடுவில், கேள்வியாக இல்லாமல், போகிற போக்கில் ஒரு வரியாகக் கிடக்கிறது: "எங்க ஆபீஸ் ரேட்டையே போட்டேன், அதனாலதான் அவ்வளவு கரெக்டா வந்துச்சு." மற்ற நான்கையும்விட எனக்கு இதுதான் கவலை. கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

முதலில் உங்கள் மனதில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "எல்லா கம்பெனியும் இப்படித்தானே கேட்கிறது, நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. உங்களிடம் வாங்கியதில் பாதிதான் தேர்வு. ஒரு டிரெய்லர் துறைமுக கேட்டில் எவ்வளவு நேரம் நிற்கிறது, நாளைக்கு எத்தனை டிரிப் அடிக்கிறது, டிடென்ஷன் (தாமதக் கட்டணம்) எங்கே ஏறுகிறது என்று யோசிக்க வைப்பது திறமையைப் பார்க்கும் கேள்வி. இருபது டிரெய்லர்காரர்களின் போன் நம்பரைத் திரட்டச் சொல்வதில் எந்தத் திறமையைப் பார்க்கிறார்கள்? அது வெண்டார் டெவலப்மென்ட், அதாவது நிறுவனத்துக்குப் புது சப்ளையர்களைத் தேடிப் பிடிக்கும் ஆளின் ஒரு வார வேலை. "கிளையன்ட் ஃபார்மேட்டில் மாற்றிக் கொடுங்கள்" என்ற மெயில் அதைவிட வெளிப்படை. பரீட்சைப் பேப்பரைத் திருத்தி மார்க் போடுவார்கள். மாணவியிடமே திருப்பிக் கொடுத்து, வேறொருவருக்குக் காட்டுகிற மாதிரி அழகாக எழுதி வா என்று யாரும் சொல்வதில்லை.

அதே சமயம், கேஸ் ஸ்டடி என்றாலே சுரண்டல் என்ற முடிவுக்கும் போகாதீர்கள். பெரிய கல்லூரிப் பெயரோ, உள்ளே தெரிந்த ஆளோ இல்லாத ஒருவருக்கு, தன் கைவேலையைக் காட்ட ஒரு வாய்ப்பு கிடைப்பது நல்லதுதான். ஷ்மிட், ஹன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1998-இல் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்பதை முன்கூட்டிச் சொல்வதில் வேலை மாதிரித் தேர்வு (செய்யப்போகும் வேலையின் ஒரு துண்டைச் செய்து காட்டச் சொல்வது) முன்வரிசையில் நின்றது. 2022-இல் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்கைத் திருத்தியபோது அது சில படி கீழே இறங்கியது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே அளவுகோலில் கேட்கும் நேர்முகம் முதலிடத்துக்கு வந்தது. அதாவது ஒழுங்காகத் தயாரித்த ஒரு மணி நேர நேர்முகத்தில் தெரிந்துகொள்ளக் கூடியதற்கு மூன்று நாள் வீட்டு வேலை கொடுக்க அவசியமில்லை. இரண்டு, மூன்று மணி நேரத்தில் முடிவது நியாயம். நான்கு மணி நேரம் எல்லைக்கோடு. அதற்கு மேல் போனால் பணம் பேச வேண்டும் என்பது என் கருத்து. வேர்ட்பிரஸ்.காமை நடத்தும் ஆட்டோமாட்டிக் நிறுவனம், தேர்வுக்காகச் செய்யச் சொல்லும் சோதனை வேலைக்கு மணிக்கு 25 டாலர் கொடுத்ததை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கூலி கேட்க முடியுமா?

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்குப் போனால் முதலில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எங்கே என்று கேட்பார்கள். நீங்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர் இல்லை. சம்பளச் சட்டங்கள் வேலைக்குச் சேர்ந்தவருக்குத்தான், விண்ணப்பித்தவருக்கு இல்லை. நுகர்வோர் நீதிமன்றமும் ஆகாது. நீங்கள் அவர்களிடம் எதையும் காசு கொடுத்து வாங்கவில்லை. போலீஸில் மோசடிப் புகார் கொடுப்பதென்றால், வேலை தரும் எண்ணமே ஆரம்பத்திலிருந்து இல்லை என்று காட்ட வேண்டும். அந்தப் பதவிக்கு வேறு யாரையாவது எடுத்திருந்தால் அந்த வாதம் அங்கேயே படுத்துவிடும்.

மிச்சமிருப்பது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு. ஒருவர் சட்டப்படி இன்னொருவருக்காக ஒரு வேலை செய்கிறார், இலவசமாகச் செய்யும் நோக்கம் இல்லை, மற்றவர் அதன் பலனை அனுபவிக்கிறார் என்றால் ஈடு தர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஒப்பந்தம் எழுதியிருக்க வேண்டியதில்லை. இடிக்கிற இடம் நடுவில் உள்ள நிபந்தனை. "வேலை கிடைக்க வேண்டும் என்று அவராகவே செய்தார், கூலிக்காக இல்லை" என்பார்கள். முதல் 24 மணி நேரத்துக்கு அந்த வாதம் எடுபட இடமுண்டு. கிளையன்டுக்காகச் செய்த ஏழு மணி நேரத்துக்கு அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அந்த ஒற்றை மெயில்தான் உங்கள் கையில் உள்ள நல்ல சீட்டு.

இப்போது தொகையைப் பாருங்கள். 32,000 ரூபாயை 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 154 ரூபாய். 31 மணி நேரத்துக்கு 4,800-க்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஏழு மணி நேரம் மட்டும் என்றால் 1,078. வெளியே தனியாக வேலை எடுத்துச் செய்பவரின் கட்டணம் என்று மூன்று மடங்கு போட்டாலும் மொத்தம் 15,000-ஐத் தொடாது. இதற்காக வருடக் கணக்கில் கோர்ட் படி ஏறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வழக்குப் போட மூன்று வருடக் கால வரம்பு உண்டு, அதனால் இன்றே முடிவெடுக்க வேண்டிய அவசரமும் இல்லை.

"அனுப்பிவிட்டேன், இனி அவர்களுடையதுதானே?"

இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, எழுதியவரே முதல் உரிமையாளர். வேலைக்கு அமர்த்தப்பட்டவர் வேலையின் பகுதியாக எழுதினால் உரிமை முதலாளிக்குப் போகும். நீங்கள் அமர்த்தப்படவே இல்லை. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது, எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுகிறது. அட்டவணையும் தகவல் தொகுப்பும்கூட இந்தச் சட்டத்தில் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வரும். உங்கள் எக்ஸெல்லை இலக்கியம் என்று அழைத்தால் உங்கள் அண்ணன் சிரிப்பார். சட்டம் சிரிக்காது.

இங்கேதான் உங்கள் கடிதத்தின் பெரிய தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். "ஐடியாவைத் திருடிவிட்டார்கள்" என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஐடியாவுக்குப் பதிப்புரிமை இல்லை. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: கருத்து யாருக்கும் சொந்தமில்லை, அதைச் சொன்ன வடிவம்தான் சொந்தம். ராத்திரி பத்து மணிக்கு மேல் டிரெய்லரை இறக்கலாம் என்ற உங்கள் யோசனையை அவர்கள் எடுத்துத் தங்கள் வார்த்தையில் எழுதியிருந்தால் சட்டம் கையை விரித்துவிடும். ஆனால் உங்கள் அட்டவணை, உங்கள் வரிசை, உங்கள் வாசகம் அப்படியே வந்திருக்கிறது. அந்த எழுத்துப் பிழையைப் பார்த்து வெட்கமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. தற்செயலாக இரண்டு பேர் ஒரே திட்டத்தை யோசிக்கலாம், ஒரே தப்பை ஒரே கட்டத்தில் விடுவது அபூர்வம்.

விண்ணப்பப் பக்கத்தில் "சமர்ப்பிக்கும் அனைத்தும் நிறுவனத்தின் சொத்து" என்ற வரிக்குப் பக்கத்தில் டிக் அடித்ததாகச் சொல்கிறீர்கள். அவர்கள் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். மின்னணு ஒப்பந்தம் என்பதாலேயே அது செல்லாது என்று வாதிட முடியாது. ஆனால் பதிப்புரிமையை மாற்றிக் கொடுக்க 19-ஆவது பிரிவு தனியாக நிபந்தனை வைக்கிறது: எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்திட வேண்டும், எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த ஊருக்குள் என்று குறிப்பிட வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம், இடம் சொல்லாவிட்டால் இந்தியா என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதும் முன்பே, எதை எழுதப் போகிறீர்கள் என்பதே தெரியாத நேரத்தில், ஒரு டிக்கில் எல்லாம் போய்விட்டது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாதாட இடமிருக்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. 62-ஆவது பிரிவுப்படி, நிறுவனத்தின் பதிவு அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம்.

நீங்கள் கேட்காத கேள்வி

இவ்வளவும் படித்துத் தெம்பு வந்திருந்தால், இதையும் படித்துவிடுங்கள். உங்கள் அலுவலக ரேட் ஷீட் உங்களுடையது இல்லை. மேலே சொன்ன அதே 17-ஆவது பிரிவில் உள்ள விதிவிலக்கு இங்கே உங்களுக்கு எதிராகத் திரும்புகிறது: வேலையின் பகுதியாக நீங்கள் தயாரித்தது உங்கள் முதலாளிக்குச் சொந்தம். உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து ரகசியக் காப்பு என்ற பத்தி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். பத்தி இல்லாவிட்டாலும், வேலையில் இருக்கும்போது வாடிக்கையாளர் ரேட்டைப் போட்டி நிறுவனத்துக்குக் கொடுப்பது நம்பிக்கைத் துரோகமாகவே பார்க்கப்படும். பாரிமுனை சின்ன உலகம். அந்த இருபது டிரெய்லர்காரர்களில் ஒருவர் உங்கள் முதலாளிக்குப் போன் போட்டு "உங்க ரேட் பெருங்குடி வரைக்கும் போயிருக்கே" என்றால், நீங்கள் போட நினைக்கும் கேஸுக்கு முன்னால் உங்கள் மேல் ஒரு மெமோ வந்துவிடும்.

அதனால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதில் எனக்குத் தயக்கம். "இந்த வேலை முழுவதும் என்னுடையது" என்று நீங்கள் நோட்டீஸில் எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீல் செய்யும் முதல் காரியம், அந்த ரேட் எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதான்.

என் யோசனை இது. நோட்டீஸ் வேண்டாம், ஒரு அமைதியான மெயில் போதும். ஹெச்.ஆருக்கும், உங்களை நேர்முகம் செய்த மேலாளருக்கும் சேர்த்து அனுப்புங்கள். மூன்று கோரிக்கை மட்டும்: அந்தப் பதிவில் உள்ள அட்டவணையை நீக்க வேண்டும், நான் அனுப்பிய எல்லாக் கோப்பையும் எக்ஸெல் உட்பட அழிக்க வேண்டும், அழித்ததை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். பத்து நாள் அவகாசம். கிளையன்ட் ஃபார்மேட்டுக்கான ஏழு மணி நேரத்துக்குப் பணம் கேட்பதானால் நான்காவது வரியாகக் கேளுங்கள், மிரட்டல் தொனி வேண்டாம். இரண்டாவது கோரிக்கை நிறைவேறினால் உங்கள் அலுவலக ரேட்டும் அவர்கள் கையை விட்டுப் போகும். ரேட் எங்கிருந்து வந்தது என்று மெயிலில் எழுத வேண்டாம். யாராவது நேரடியாகக் கேட்டால் பொய்யும் சொல்ல வேண்டாம்.

மெயிலுக்கு முன்னால் சாட்சியைப் பத்திரப்படுத்துங்கள்

மெயில் போன அன்றே அந்தப் பதிவு காணாமல் போகலாம். ஆகவே வரிசை முக்கியம். பதிவுக்கு லைக்கோ கமென்ட்டோ போடாதீர்கள். முகவரி, தேதி, நிறுவனப் பெயர் தெரியும்படி முழுத் திரையையும் படமெடுங்கள். பக்கத்தைத் திறப்பதிலிருந்து படம் வரை ஒரு ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும் எடுங்கள். ஜிமெயிலில் அவர்கள் அனுப்பிய மெயில்களைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் "ஷோ ஒரிஜினல்" போய் மூலக் கோப்பை இறக்கி வையுங்கள். மெயிலை ஃபார்வர்டு செய்து வைப்பது இதற்கு ஈடாகாது.

நீங்கள் செய்த கோப்புகளைத் திறந்து மறுபடி சேவ் செய்யாதீர்கள், திருத்திய தேதி மாறிவிடும். அப்படியே ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வைத்துவிட்டு, பார்க்க வேண்டுமானால் நகலைப் பாருங்கள். லேப்டாப் அண்ணனுடையது என்பதால் கோப்பின் ஆசிரியர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கும். பதற வேண்டாம், மாற்றவும் வேண்டாம். மாற்றினால்தான் சந்தேகம். 2023-ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி, மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதில் எந்தக் கருவி, அதன் விவரம், கோப்பின் ஹாஷ் எண் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்) எல்லாம் வரும், நிபுணர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். ஆகவே அந்த லேப்டாப்பை விற்கவோ ஃபார்மேட் செய்யவோ கூடாது என்று அண்ணனிடம் சொல்லி வையுங்கள்.

மெயிலுக்குப் பதில் வராவிட்டால் அடுத்த படி இலவசமாகவே இருக்கிறது. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. உங்கள் அலுவலகத்திலிருந்து மத்தியான இடைவேளையில் நடந்தே போய் வரலாம். போனில் 15100. நோட்டீஸ் தேவையா என்பதை அங்கே உள்ள வழக்கறிஞரிடம் ரேட் ஷீட் விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிட்டு முடிவு செய்யுங்கள்.

அண்ணன் சொல்லும் லிங்க்ட்இன் பதிவு

அவர் கோபம் நியாயமானது, வழி சரியில்லை. பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356-ஆவது பிரிவில் அவதூறு குற்றம். உண்மையைச் சொன்னால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். குற்ற வழக்கில் உண்மை மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். அதையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டிவரும். அதைவிட நடைமுறைச் சிக்கல்: நீங்கள் வேலை தேடுவது உங்கள் முதலாளிக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிடும், ரேட் ஷீட் கதையும் அதோடு கிளறப்படும். பெயர் போடாமல், "விண்ணப்பதாரரிடம் கேட்கக் கூடாத ஐந்து விஷயம்" என்பதுபோல எழுதுவதில் தடையில்லை. அதுவும் கிண்டி முடிவு தெரிந்த பிறகு.

பதில் சொல்லாமல் விட்டதற்கு? விண்ணப்பதாரருக்குப் பதில் போடு என்று தனியார் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டம் கிடையாது. ஏழாம் நாள் ஒரு நினைவூட்டல், பதினான்காம் நாள் இன்னொன்று. அதற்கு மேல் மெயில் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

கிண்டி அசைன்மென்ட்

"இனிமேல் எவனுக்கும் செய்து கொடுக்க மாட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். சூடு கண்ட பூனையின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் இணைத்திருக்கும் கேள்வித்தாளைப் பார்த்தால் இது வேறு ஜாதி. வாடிக்கையாளர் பெயர் மறைத்த ஆறு மாத டெலிவரி எண்கள் கொடுத்திருக்கிறார்கள். தாமதத்துக்குக் காரணம் கண்டுபிடித்து இரண்டு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். "நான்கு மணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டாம்" என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். மூல எண்ணை அவர்கள் தருகிறார்கள், நீங்கள் போய்த் திரட்ட வேண்டியதில்லை. அந்த ஒரு வித்தியாசமே பெரிது.

உரிமையைப் பற்றி மேலே நான் எழுதிய எல்லாம், அனுப்பிய பிறகு பயன்படுபவை. அவை எவ்வளவு மெலிந்தவை என்று பார்த்துவிட்டீர்கள். அனுப்பும் முன் போடும் ஒரு மெயிலுக்கு அதைவிட வலு அதிகம். இன்றே ஹெச்.ஆருக்கு எழுதுங்கள். ஆங்கிலத்தில் நீங்களே எழுதிக்கொள்வீர்கள், சாரம் இது:

"அசைன்மென்டுக்கு நன்றி. சொன்னபடி நான்கு மணி நேரத்துக்குள் செய்து திங்கள் காலைக்குள் அனுப்புகிறேன். மூன்று விஷயம் தெரிந்தால் உதவியாக இருக்கும்: இதை யார் படிப்பார்கள், எதை வைத்து மதிப்பிடுவார்கள்? இதற்குப் பிறகு எத்தனை ரவுண்டு, அவற்றை ஒரே நாளில் அல்லது வீடியோவில் வைக்க முடியுமா? நான் அனுப்புவது தேர்வு மதிப்பீட்டுக்கு மட்டுமே பயன்படும் என்று எடுத்துக்கொள்ளலாமா?"

மூன்றாவது வரிதான் முக்கியம். அவர்கள் "ஆம்" என்று ஒரு சொல் எழுதினால், பெருங்குடியில் உங்களிடம் இல்லாத ஆவணம் இங்கே கையில் இருக்கும். இரண்டாவது வரியும் சும்மா இல்லை. கொருக்குப்பேட்டையிலிருந்து கடற்கரை ஸ்டேஷன் வந்து, பறக்கும் ரயில் பிடித்துப் பெருங்குடிக்கு இரண்டு முறை போனதில் உங்களுக்கு இரண்டு அரை நாள் போயிருக்கிறது. விண்ணப்பதாரரின் நேரத்துக்கும் விலை உண்டு என்பதைச் சண்டை போடாமல் சொல்லும் இடம் இது. இப்படிக் கேட்டதற்காக ஒரு நிறுவனம் உங்களை ஒதுக்கினால் என்ன செய்வது என்று பயப்படுவீர்கள். வீட்டில் ஒரே சம்பளம் என்னும்போது அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. அதனால்தான் நிபந்தனை போல எழுதாமல் கேள்வியாக எழுதச் சொல்கிறேன். மூன்றாவது கேள்விக்குப் பதிலே வராவிட்டாலும் இந்த ஒன்றைச் செய்துவிடுங்கள். நான்கு மணி நேரம் தாங்கக்கூடிய நஷ்டம்.

நாளை யாராவது முப்பது மணி நேர வேலை கேட்டால் மட்டும் மாற்று வழி வையுங்கள்: "உங்கள் குழுவோடு உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் இதே சிக்கலைப் போர்டில் போட்டுக் காட்டுகிறேன்." திறமையைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் இதற்குச் சம்மதிப்பார்கள். ஸ்லைடு வேண்டும் என்பவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். பணம் தருகிறோம் என்று சொன்னால், வாங்கும் முன் உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை மறுபடி பாருங்கள். வேலையில் இருக்கும்போது வெளியே ஊதியம் வாங்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் அந்தச் சின்னத் தொகையே வினையாகும்.

செய்யும்போது, காரணத்தையும் தர்க்கத்தையும் முழுசாகக் காட்டுங்கள், செயல்படுத்தும் அட்டவணையைக் கோடிட்டு மட்டும் விடுங்கள். எந்தப் பாதையில் ஏன் தாமதம் என்று எண்ணோடு சொல்லுங்கள். யாரை அழைப்பது, எந்த ரேட்டுக்குப் பேசுவது என்பதை "நேரில் விளக்குகிறேன்" என்று நிறுத்துங்கள். கூடுதல் எண் தேவைப்பட்டால் "கற்பனை எண்" என்று பக்கத்திலேயே எழுதிப் போடுங்கள். அலுவலக ஷீட்டைத் தொடவே கூடாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்ன எழுத்தில் உங்கள் பெயர், தேதி, "தேர்வு மதிப்பீட்டுக்கு மட்டும்". பக்கம் முழுக்கக் குறுக்கே பெரிய வாட்டர்மார்க் போட வேண்டாம், படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும். கடவுச்சொல் போட்டு அனுப்புவதும் வீண், அந்தக் கடவுச்சொல்லையும் நீங்கள்தானே அனுப்பப் போகிறீர்கள்.

இரண்டு பக்கத்தை பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள். எக்ஸெல்லையும் கேட்டால், சூத்திரங்களை நீக்கி மதிப்புகளை மட்டும் ஒட்டிய நகலை அனுப்பி, சூத்திரத்தைத் திரையில் காட்டுவதாகச் சொல்லுங்கள். திங்கள் காலை அனுப்பும் முன் எக்ஸெல்லில் மறைத்து வைத்த ஷீட் ஏதாவது இருக்கிறதா என்று கீழே உள்ள தாவலில் வலது கிளிக் செய்து "அன்ஹைட்" பார்த்துவிடுங்கள். பழைய ரேட் ஷீட்டின் மேலேயே புதுக் கணக்கைப் போட்டவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.